தாங்குதாம்

1 ஜூலை 2025, செவ்வாய்

நான்காம் படிவ வகுப்பில் இன்று உயிரணுப் பிரிவு. பதினேழு வருடமாக இதே பாடம், இதே படம். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் டி.என்.ஏ. முழுவதையும் ஒரு தடவை படியெடுத்துக்கொள்ளும் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, நடு வரிசையிலிருந்து ஒருத்தி கையைத் தூக்கினாள். படியெடுக்கும்போது நடுவில் கிழிந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். நின்றுவிடும், சரிசெய்த பிறகுதான் தொடரும், சரிசெய்ய முடியாவிட்டால் செல் செத்துப்போகும் என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை அக்காவை கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டும். விடுப்புப் பாரத்தைத் தலைமையாசிரியை என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடமாக ஒரே காரணம். அவருக்கும் அலுத்துப் போயிருக்கும்.

3 ஜூலை, வியாழன்

உட்கார முடியவில்லை. எழுதினாலாவது உட்காருவேனா என்று பார்க்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அகதா அக்காவுக்கு சினைப்பையில் புற்று என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு சுற்று ஊசி முடிந்து, பதினான்கு மாதமாக மாத்திரை. ஆயர் தாவாரிலிருந்து மச்சான் லூர்துசாமி இருட்டோடு அவளை ஏற்றிக்கொண்டு வந்து ஈப்போவில் என்னிடம் விட்டுவிட்டு செம்பனைக்காய் லாரி ஓட்டப் போய்விடுவார். கிளினிக்கில் மற்றதெல்லாம் என் பொறுப்பு. முதல் நாளே அக்கா டாக்டர் திங்கிடம் மலாயில் சொல்லிவிட்டாள்: எதுவாக இருந்தாலும் தங்கச்சி கேரனிடம் சொல்லுங்கள், அவள் டீச்சர், அவளுக்குத்தான் புரியும், அவள் எனக்குச் சொல்வாள். அப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

இன்று அக்கா ரத்தம் கொடுக்கப் போன நேரத்தில் டாக்டர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். போன ஸ்கேனில் இரண்டு புள்ளி. இப்போது ஐந்து. ஒரு தாளில் டி.என்.ஏ. என்று நீளமாக ஒரு கோடு போட்டு, நடுவில் இரண்டு இடத்தில் குறுக்கே வெட்டினார். மாத்திரை செய்வது இந்தப் பழுதை உண்டாக்குவதுதான், டீச்சர். நல்ல பிள்ளையான செல் இங்கே நிற்கும். உங்கள் அக்காவின் கட்டி நிற்பதில்லை, சரிசெய்வதுமில்லை. பழுதைத் தாண்டிக்கொண்டு போகிறது, பள்ளத்தை அப்புறமாக நிரப்பிக்கொள்கிறது. மருந்தை டாலரேட் செய்ய, அதாவது தாங்கிக்கொள்ள, கற்றுக்கொண்டது. இதுதான் அவர் ஆங்கிலத்தில் சொன்னது. கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம், அந்தப் பள்ளத்தை நிரப்பவிடாமல் தடுக்கும் புது மருந்து. இடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன், நீங்கள் முதலில் அக்காவிடம் பேசுங்கள், 24ஆம் தேதி இரண்டு பேரும் வாருங்கள் என்றார்.

நடைபாதையில் அக்கா முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"என்னா சொன்னாரு?"

"மாத்திரைய தாங்குதாம்க்கா."

இதைத்தான் சொன்னேன். என் மனதில் 'கட்டி' என்ற சொல் இருந்தது. வாயில் வரவில்லை. அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா பஞ்சைக் கீழே போட்டுவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். "தாங்குதாமா? மாதாவே! நானே நெனச்சேன்லா, இந்த மாசம் தலை சுத்தல் கொறைச்சல்தான். ஒடம்பு தாங்கிருச்சு!"

வழியில் காரை நிறுத்தச் சொன்னாள். ஆறு மாதமாக அரைத் தட்டுக்கு மேல் தாண்டாதவள் ஒரு தட்டு கோழிச்சோறு முழுவதும் தின்றாள், என் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றாள். நான் எந்த வாயால் என்ன சொல்ல?

4 ஜூலை, வெள்ளி

வாய் தவறியதா, வாய் தப்பித்துக்கொண்டதா?

6 ஜூலை, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. புந்தோங்கில் எங்கள் தெருவை மூன்று தடவை சுற்றி வந்தேன். கச்சாங் பூத்தே வறுகடலைக் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பொட்டலம் வாங்கி, நின்றபடியே தின்று, இன்னொன்று வாங்கினேன்.

கட்டுரைகளாக இறக்கி வைத்துப் படிக்கிறேன். டாக்டர் ஒரு கோட்டில் சொன்னதை இவர்கள் நாற்பது பக்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு விளங்கிய வரைக்கும் இதுதான். படியெடுக்கும் புரதக் கூட்டம் பழுதான இடத்துக்கு வந்ததும் முட்டிக்கொள்கிறது. அங்கேயே நின்றால் மற்றது எல்லாம் குலைந்து செல் சாகும். சாகட்டும் என்றுதான் மருந்து கொடுக்கிறோம். ஆனால் புற்றுச் செல் பழுதுக்கு அந்தப் பக்கம் குதித்து, அங்கேயிருந்து புதிதாக ஆரம்பித்துவிடுகிறது. பின்னால் ஒரு பள்ளம் மிச்சம் இருக்கும். அதை நிரப்பத் தனியாக ஒரு கூட்டம் உண்டு. அவசரக் கூட்டம். டி.என்.ஏ.வின் எந்த எழுத்து வர வேண்டும் என்று பார்ப்பதில்லை, கையில் கிடைத்ததை வைத்து அடைத்துவிட்டுப் போகும். தப்பு தப்பாக. அந்தத் தப்பிலிருந்தே அடுத்த மருந்துக்கும் அடங்காத புது வகை பிறக்கிறது.

அதாவது பழுது பழுதாகவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அது வாழ்கிறது. பதினேழு வருடமாக 'நின்றுவிடும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே!

கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

9 ஜூலை, புதன்

அக்கா கூப்பிட்டாள். இந்த ஞாயிறு நன்றிப் பூசைக்குச் சொல்லி வைத்துவிட்டாளாம். பூசை முடிந்து எல்லாருக்கும் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். பக்கத்து வீட்டுக் காளியம்மா மிளகாய்ச் சம்பல் செய்து தருகிறாளாம். எண்பது பொட்டலம், நான் சனிக்கிழமையே வந்து கட்ட உதவ வேண்டுமாம்.

"எதுக்குக்கா இப்போ? முழுசா குணமாகட்டும், அப்புறம் செய்யலாம்" என்றேன்.

"நல்லது நடக்கும்போதே நன்றி சொல்லணும்லா. அப்புறம்னா எப்போ? நீ வா."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று கேட்டால், ஒன்றும் சொல்லவில்லை.

11 ஜூலை, வெள்ளி

ஆராய்ச்சிப் பிரிவின் தாதி இஃபத் கூப்பிட்டார். இடம் இருக்கிறது. இந்த மாதம் 25க்குள் முடிவு சொல்ல வேண்டும், இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சேருவதானால் இப்போது சாப்பிடும் மாத்திரையை மூன்று வாரம் முன்னதாகவே நிறுத்த வேண்டும். "உங்க அக்காகிட்ட எல்லாம் சொல்லிட்டீங்கதானே?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன் என்றேன்.

இப்படிப் பொய் சொல்லும் மாணவி என்னிடம் மாட்டினால் வெயிலில் நிற்க வைத்திருப்பேன்.

13 ஜூலை, ஞாயிறு

நேற்று இராத்திரி வரை உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். வாழையிலை, சோறு, நெத்திலி, வெள்ளரிக்காய், அரை முட்டை. கை வேலை செய்தால் வாய் சும்மா இருக்கலாம், அதுதான் வசதி.

காலை பூசையில் ஃபாதர் வாசித்தார்: நோயிலிருந்து நலம் பெற்று வருவதற்கு நன்றியாக, லூர்துசாமி அகதா குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் பூசை. அக்கா பச்சைச் சேலையில் முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முடி இப்போதுதான் காதுக்குக் கீழே வளர்ந்திருக்கிறது, அதிலும் பூ வைத்திருந்தாள். நான் தரையில் பதித்த கல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். நற்கருணை வாங்கப் போகவில்லை. போகாததை அக்கா கவனித்தாள்.

வெளியே காளியம்மா அக்கா என்னைக் கட்டிப் பிடித்தாள். அவள் கோயிலுக்கு உள்ளே வரவில்லை, வாசலில் சம்பல் வாளியோடு காத்துக்கொண்டிருந்தாள். "மருந்து நல்லா தாங்குதாமே! நீதான் டாக்டர்கிட்ட கேட்டு சொன்னியாம். வாயில சீனி போடணும்லா உனக்கு" என்றாள். ஆயர் தாவார் முழுவதும் என் வாக்கியம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மத்தியானம் மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தேன். கோலாலம்பூரில் ஒரு புது மருந்து வந்திருக்கிறது, இன்னும் நல்ல மருந்தாம், மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்குப் போகலாமா என்று. அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நல்லா தாங்குற மாத்திரைய எவளாச்சும் நிப்பாட்டுவாளா? டீச்சர் மாதிரியா பேசுற?"

மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன். நானே கட்டிய பொட்டலம், அதற்குள்ளே நானே மாட்டிக்கொண்டேன்.

15 ஜூலை, செவ்வாய்

பத்து நாள்.

16 ஜூலை, புதன்

டாக்டரையே சொல்லச் சொல்லலாம். 24ஆம் தேதி அவரே சொல்லட்டும், நான் பக்கத்தில் நின்று ஆச்சரியப்படுகிறேன்—

சீ. என்ன ஜென்மம் நான்!

19 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் ஆயர் தாவார் போகும் வழியில், செரி இஸ்கண்டார் தாண்டி ஓர் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி, காருக்குள்ளேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். பக்கத்துக் காரில் இருந்த பெண்மணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

மச்சான் வீட்டில் இல்லை. அக்கா மேசையில் வார மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். திங்கள், செவ்வாய், புதன். வியாழனுக்கு வந்தபோது சொன்னேன்.

"அக்கா, தாங்குறது நீ இல்ல. கட்டி. கட்டிதான் மாத்திரைய தாங்குது. மாத்திரை வேல செய்யல."

அவள் கை வெள்ளிக் கட்டத்துக்கும் போட்டது. சனிக்கும் ஞாயிறுக்கும் போட்டது. மூடியைப் பூட்டினாள்.

"எப்போலேருந்து தெரியும்?"

"அன்னிக்கே."

"அப்போ பூசை?"

காலி மாத்திரை அட்டையை எடுத்து மடித்தேன்.

"எண்பது பொட்டலம். நீயும் உக்காந்து கட்டுன. ஃபாதர் என் பேர வாசிச்சாரு, நீ கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த. ஊரு பூரா சோறு போட்டேன்லா, கேரனு!" குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரியாம சொன்னியா, தெரிஞ்சு சொன்னியா?"

"மொத நாள் தெரியாம. மறுநாள்லேருந்து தெரிஞ்சு."

அப்புறம் எழுந்து போய்ச் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"சாப்புட்டுட்டுப் போ. ஆனா போ."

சாப்பிட்டேன். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுவி வைத்துவிட்டு வந்தேன். போத்தா பாலம் வரைக்கும் அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு வண்டியை ஓட்டவே முடியவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

21 ஜூலை, திங்கள்

எடுக்கவில்லை. வகுப்பில் ஒன்றுமில்லாததற்குக் கத்தினேன். தாதி இஃபத் குறுஞ்செய்தி: வெள்ளிக்கிழமை கடைசி.

22 ஜூலை, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மச்சான் கூப்பிட்டார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம்.

"டீச்சரம்மா, அக்கா ஒங்கிட்ட பேச மாட்டாளாம்."

"சரி மச்சான்."

"ஆனா ஒன்னு கேட்டுச் சொல்லச் சொல்றா." கையால் போனை மூடி உள்ளே என்னமோ கேட்டார். "அது எப்டி தாங்குதுன்னு கேக்குறா. வெசம் கொடுத்தா செத்துத்தானே போவணும், எப்டி தாங்குதாம்?"

போனில் சொல்ல முடியாது, நாளைக்கு வருகிறேன் என்றேன். மறுபடியும் போனை மூடினார். உள்ளே அக்காவின் குரல், வார்த்தை பிடிபடவில்லை.

"வரட்டுமாம். பேச மாட்டாளாம், ஆனா வரட்டுமாம்."

23 ஜூலை, புதன்

பள்ளி முடிந்ததும் நேராகப் போனேன். அக்கா நாற்காலியைக் காட்டினாள். நாள்காட்டியில் கிழித்த தாளைத் திருப்பி வைத்து, டாக்டர் போட்டது போலவே கோடு போட்டேன். செல் பிரியும் முன் படியெடுப்பது, மாத்திரை வழியில் பழுது வைப்பது, நிற்க வேண்டியது நிற்காமல் பழுதுக்கு அந்தப் பக்கம் போய் ஆரம்பிப்பது, பள்ளத்தை அப்புறம் வந்து அடைப்பது.

பேச மாட்டேன் என்றவள் பாதியிலேயே பேனாவைப் பிடுங்கினாள்.

"இரு இரு. இது விட்டுப் பிடி லா!"

எனக்குப் புரியவில்லை. அக்கா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பதினாறு வயதிலிருந்து ஏழு வருடம் கித்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுத்தவள். அந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. நான் படித்துக்கொண்டிருந்தேன், உளியைத் தொட்டதில்லை. அந்த வேலையைப் பற்றி அவள் பேசவே மாட்டாள், நினைத்தாலே குமட்டுகிறது என்பாள். இன்று பேசினாள். என் கோட்டின் மேலேயே வரிசையாகப் புள்ளி வைத்தாள்.

"இது நிரை. எனக்குக் குடுத்தது நானூறு மரம். வெயில் ஏறுறதுக்குள்ள வெட்டி முடிக்கணும், இல்லாட்டி பால் நின்னுரும். நடுவுல ஒரு மரத்துல கொளவிக் கூடு. இன்னொன்னுல பட்ட புண்ணு. அங்க நின்னு மல்லுக்கட்டுனா அன்னிக்கு நிரை போச்சு. அதனால விட்டுட்டுப் போயிருவோம். கடைசி மரம் முடிச்சிட்டு திரும்பி வந்து, விட்டத அவசரமா ஒரு கீறு. கோணலாத்தான் இருக்கும். பின்னால அந்த எடத்துல மரம் முண்டு முண்டா வீங்கும். எவன் பாக்குறான்? ஸ்டோருக்குப் போறப்ப வாளி ரொம்பியிருக்கும்ல! அதுக்குப் பேரு விட்டுப் பிடி."

"அதேதான்க்கா." என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "அந்தக் கோணல் கீறுலதான் அது புதுசு புதுசா மாறிக்கிது."

"கள்ளப் பய மவனே!" என்றாள். கட்டியைத்தான். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேல மேப்பாக்குற மண்டோர் பழனியப்பன் எங்கள எப்டி புடிச்சான் தெரியுமா?" என்றாள். "நிரைக் கடைசியில வந்து நின்னுக்குவான். வாளியத் தூக்கிட்டு அப்டியே நேரா ஸ்டோருக்கு நடம்பான். திரும்பிப் போவ விடமாட்டான். விட்ட மரம் பூரா காலி மங்கோட நிக்கும், பால் பிடிக்க வெச்ச மங்கு காஞ்சு கெடக்கும். ரெண்டே நாள்ல மாட்டிக்கிட்டேன்."

அவளே நிமிர்ந்து பார்த்தாள்.

"கே.எல். மருந்து… அந்த மண்டோரா?"

"ஆமாக்கா. திரும்பிப் போயி அடைக்க விடாது."

"எல்லாத்தையும் புடிச்சிருமா?"

"தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரியாததாலதான் ஆராய்ச்சி பண்றாங்க. வாந்தி வரும், ரத்தம் கொறையும். ஒன்னும் நடக்காமலும் போவலாம்."

"ம்." பேனாவை மூடி வைத்தாள். "இவ்ளோதானேடி. இத அன்னிக்கே நடைபாதையில சொல்லிருக்கலாம்ல?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆறாம் வகுப்புல எழுவாய் இல்லாம வாக்கியம் எழுதுனா வாத்தியாரு காதத் திருகுவாரு. எது தாங்குது? யாரு தாங்குது? நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோட நின்னவ, எனக்குத் தெரியுது. நீ டிகிரி வாங்கி என்னா பண்ண?"

காதை நீட்டினேன். விளையாட்டுக்குத்தான். உண்மையாகவே திருகினாள், வலித்தது. இன்னும் சிவந்திருக்கிறது.

24 ஜூலை, வியாழன்

கிளினிக். அக்கா டாக்டருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்குக் கதவோரம் இருந்த நாற்காலியைக் காட்டினாள். இனிமேல் என்னிடமே சொல்லுங்கள் டாக்டர், மலாயில் சொல்லுங்கள், விளங்காவிட்டால் கேட்கிறேன் என்றாள்.

அவர் சொன்னார். ஐந்து புள்ளியையும் காட்டினார். அக்கா ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அவரிடமே கேட்டாள், அந்தப் புது மருந்து மண்டோர் மாதிரிதானே என்று. டாக்டர் திங் முழித்தார். அக்கா நிரையை, குளவிக் கூட்டை, விட்ட மரத்தை எல்லாம் மலாயில் விளக்கினாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சித்தியவானில் அவர் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கித்தா தோட்டம் இருந்ததாம், பள்ளி விடுமுறையில் மரம் வெட்டப் போய் அவரும் இப்படி விட்டுப் போயிருக்கிறாராம். "நானும் மாட்டியிருக்கிறேன் அக்கா, என் அப்பாதான் மண்டோர்" என்றார்.

இருபது நிமிடம் பேசினார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை மட்டும் அக்கா திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை. அது அவள் முடிவு.

27 ஜூலை, ஞாயிறு

மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள். அக்கா ஃபாதரிடம் போய் விஷயத்தைச் சொன்னாளாம். நன்றிப் பூசையை என்ன செய்வது, திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாளாம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அது எனக்கும் அவருக்கும்" என்றாள். சரிதான். இனி எல்லாம் என் வழியாக வராது.

9 ஆகஸ்ட், சனி

மாத்திரையும் இல்லை, மருந்தும் இல்லை. மூன்று வாரம் அந்தக் கட்டி தன்னிஷ்டத்துக்கு வளரும். வீட்டில் எல்லா அலமாரியையும் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

முதல் நாள் மருந்து. மச்சானும் அக்காவும் ஈப்போவிலிருந்து காலை ரயிலில் கோலாலம்பூர் போனார்கள். மச்சான் தேய்த்த சட்டை போட்டிருந்தார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. நான் பிளாட்பாரத்தில் நின்று, பள்ளிக்கு நேரமாகி ஓடினேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சுதந்திர தினம். ஆயர் தாவாரில் இருந்தேன். தொலைக்காட்சியில் அணிவகுப்பு. அக்கா மெத்தையில் சுருண்டு கிடந்தாள். கை இரண்டும் குச்சி. அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன், வாந்திக்குப் பேசின் பிடித்தேன். அவளுக்கு இதைச் செய்ய வைத்தது நான்தானே என்று ஒரு நிமிடம் தோன்றியது. முதல் வாக்கியத்தோடு விட்டிருந்தால் இன்னும் சில மாதம் கோழிச்சோறு தின்றுகொண்டு சந்தோஷமாக இருந்திருப்பாளோ?

கேட்டேவிட்டேன்.

"சும்மா இருடி," என்றாள் கண்ணைத் திறக்காமல். "ஏமாந்து தின்ன சோறு வேற, தெரிஞ்சு வாந்தியெடுக்குறது வேற. பேசின் சட்டிய இன்னும் கிட்டக் கொண்டா."

19 செப்டம்பர், வெள்ளி

ரத்தம் குறைந்து ஒரு வாரம் மருந்தை நிறுத்தி வைத்தார்கள். இன்று மறுபடி, அளவைக் குறைத்து. அரை தோசை சாப்பிட்டாளாம்.

14 அக்டோபர், செவ்வாய்

இன்று ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வியாழக்கிழமை. அன்று எனக்குத் தேர்வு மேற்பார்வை. மாற்றிக்கொள்ளவா என்றேன். "வேணாம். நீ போயி ஒன் வேலயப் பாரு. நான் கேட்டுக்குவேன்" என்றாள். போனை வைத்தபிறகும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

16 அக்டோபர், வியாழன்

மண்டபத்தில் போன் கூடாது. பையில் போட்டு, ஆசிரியர் அறையில் பூட்டிவிட்டுப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசைக்கு நடுவில் நடந்தேன். ஒரு பெண், "டீச்சர், தயவுசெஞ்சு உக்காருங்க, காலடிச் சத்தம் கேக்குது" என்றாள். உட்கார்ந்தேன். எழுந்தேன்.

பத்தேமுக்காலுக்கு வந்து பையைத் திறந்தேன். மச்சானிடமிருந்து செய்தி, ஒன்பதே காலுக்கு அனுப்பியது. ஒரே சொல்.

தாங்குதாம்.

எது? எது தாங்குதாம்? மச்சானைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால், குப்பைத் தொட்டி பக்கம், போனைப் பார்த்துக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கட்டி என்றால் மச்சான் இப்படி ஒரு சொல்லில் அனுப்புவாரா? அனுப்புவார். அவர் அழுதுகொண்டிருந்தால் அவ்வளவுதான் அனுப்ப முடியும்.

பன்னிரண்டேகாலுக்கு அக்காவே கூப்பிட்டாள். தொண்டை கரகரத்தது, வாந்தியெடுத்துப் போன குரல்.

"மச்சான் அனுப்புனத பாத்தியா?"

"எதுக்கா? எது தாங்குது? சொல்லு."

"நான்தான் அப்டி அனுப்பச் சொன்னேன். எடுக்காதீங்கன்னும் சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "எனக்குப் பதினாறு நாளு. ஒனக்கு ஒன்ற மணி நேரம். இப்போ கணக்கு சரி."

"அக்கா!"

"நான்டி. எழுவாய் நான். நான் தாங்குறேன்." அந்தப் பக்கம் மச்சான் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அஞ்சுல ரெண்டு மாட்டிக்கிச்சு, காணோம். மூணு இருக்கு. அது இன்னும் விட்டுப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அழாத, பள்ளிக்கூடத்துல அழாத."

மணி அடித்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டாவது தாளுக்குப் போனேன். 27ஆம் தேதி அடுத்த சுற்று. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், நானும் போகிறேன், கதவோரம் உட்கார.